அற்புதம் டீச்சரைச் சாந்தமானவர் என்று சொல்லாதீர்கள்

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த எங்கள் பஸ் அதற்குப் பின்னால் நின்றுவிட்டது. இறங்கி ரோட்டோரக் கடையில் டீ சொல்லிவிட்டு நின்றேன். எதிர்ப்பக்கத்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கடத்தூர் உரக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகம் மாறினார். "என்ன சார், நீங்க இங்க நிக்கறீங்க? உங்க அற்புதம் டீச்சர் காலையில போயிட்டாங்களே. சாயங்காலம் எடுக்கறாங்களாம்" என்றார். மார்வலியாம். வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டதாம். லாரியை இழுக்க ஆள் வரும்வரை அந்த வளைவில் நின்று, லாரி டிரைவரில் ஆரம்பித்துக் கண்ணில் பட்ட எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அந்தக் கோபம் கொஞ்சம் ஆறியிருந்த நேரத்தில், முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த நோட்டீசு வீட்டுக்கு வந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் டீச்சரின் படம். கீழே, "சாந்த சொரூபி, பொறுமையின் சிகரம், யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர்" என்று போட்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். இது யாரைப் பற்றி என்று எனக்கு விளங்கவில்லை. கடத்தூர்ப் பக்கத்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவர்கள். அவர் என்னைக் கடிந்து பேசாத வாரம் ஒன்று இருந்ததாக நினைவில்லை. அவரை அறிந்த உங்களுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே அந்த நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள். பள்ளி மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் உண்மையை எழுதித் தருகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

அவர் பிறந்ததிலிருந்தே கோபக்காரர் இல்லை. அறுபதுகளில், சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி பிரிந்த புதிதில் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, அவர் சிரித்துக்கொண்டே இருப்பார். நான் சேலத்தில் படித்த தோரணையில் பூட்சும் காலுறையும் போட்டுக்கொண்டு வருவேன். வெயில் காலத்திலும் கழற்ற மாட்டேன். "சாரு வூட்டுல பொம்பளைங்களுக்குத்தான் கோஷான்னு நெனச்சேன். காலுக்குமா?" என்று எல்லா டீச்சர்கள் நடுவிலும் கேட்டு என்னைச் சந்தி சிரிக்க வைத்தார். என் பெயர் சாதிக். அந்தப் பள்ளியில் முஸ்லிம் வாத்தியார் நான் ஒருவன்தான். அவர் கேலி செய்த பிறகுதான் அங்கே எனக்கு மூச்சு விட முடிந்தது.

அவர் கணவர் சவரிமுத்து விவசாயி. கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவார். பிள்ளை இல்லை. சவரிமுத்துவின் தம்பி லூர்துசாமியும் அவர் மனைவி பிலோமினாவும் அதே வீட்டில் இருந்தார்கள். தம்பி மகள் செலின் டீச்சர் மடியில்தான் வளர்ந்தாள். சவரிமுத்து செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. பாறை, முள், வெயில் எல்லாவற்றிலும் அந்தப் பாதம் நடந்தது. அவருக்கு இருந்த ஒரே பெருமை, பெரிய வியாழக்கிழமை பூசையில் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காருவது. இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, அன்று பங்குச் சாமியார் மண்டியிட்டுப் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். சவரிமுத்துவின் அப்பா காலத்திலிருந்து அந்த வரிசையில் அவர்கள் வீட்டுக்கு ஓர் இடம் உண்டு.

அவருடைய வலது உள்ளங்காலில், விரல்களுக்குச் சற்றுக் கீழே, ஒரு கரும்புள்ளி வந்தது. மைப்பேனாவை உதறியபோது தெறித்ததுபோல இருந்தது என்று டீச்சர் சொல்வார். முதலில் கரி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் செங்கல் துண்டால் தேய்த்துவிட்டார். போகவில்லை. மட்டமான தாளில் மை ஊறுவதுபோல ஓரம் ஒழுங்கில்லாமல் பரவியது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. வலி இல்லை. அரிப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று டீச்சர் சொன்னபோது சவரிமுத்துவுக்கு வந்த பயம் வேறு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் தோலில் எந்தத் திட்டு வந்தாலும் மனதில் வரும் முதல் வார்த்தை குஷ்டம். அது வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். "நாளைக்கி நம்ம செலினை யாரு கேட்டு வருவாங்க?" என்றாராம். செலினுக்கு அப்போது பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் பெரிய வியாழனுக்கு சவரிமுத்து வழக்கம்போலப் போய் உட்கார்ந்தார். எல்லோரும் வலது காலை நீட்ட, அவர் இடது காலை நீட்டினார். சாமியார் ஒரு கணம் பார்த்துவிட்டு, நீட்டிய காலையே கழுவித் துடைத்து முத்தமிட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அடுத்த வருஷமும் அதேதான். அதற்கடுத்த வருஷமும். ஊர் முழுக்க உட்கார்ந்து பார்த்தது. ஏனப்பா இடது கால் என்று ஒரு மனிதர்கூடக் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு மட்டும் தெரியும். அவரையும் சத்தியம் வாங்கி வாயை அடைத்து வைத்திருந்தார் அந்த நல்ல மனிதர். சவரிமுத்து நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இதை எழுதும்போது அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. பெருநோய் ஒழிப்புக்காக வீடு வீடாகப் பார்க்கிற ஊழியர் ஒருவர் சைக்கிளில் ஊருக்கு வந்தார். டீச்சர் அவரைத் தனியாகப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போய் சவரிமுத்துவின் காலைக் காட்டச் செய்தார். ஊழியர் திட்டின்மேல் கோழி இறகால் தடவிப் பார்த்தார். ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் தொட்ட இடத்தைச் சரியாகச் சொன்னார். "உணர்ச்சி நல்லா இருக்குதுங்க. இது அது இல்ல. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஊழியர் சைக்கிளை எடுத்தார். அவர் சொன்னது சரி. அது குஷ்டம் இல்லை.

அன்று அந்த வீட்டில் நடந்த கொண்டாட்டத்தை நான் பார்த்தேன். கோழி அடித்தார்கள். கோயிலில் நன்றி பூசைக்குச் சொன்னார்கள். நான் அவர்கள் வீட்டுக் கறி சாப்பிட மாட்டேன் என்பதால் எனக்குத் தனியாகத் தூக்குச் சட்டியில் பாயசம் வந்தது. என்ன விசேஷம் டீச்சர் என்று கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. அவர் மனம்விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தோடு அந்தத் திட்டைப் பற்றிய பேச்சே வீட்டில் நின்றுவிட்டது. குஷ்டம் இல்லை என்றால் வேறொன்றும் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

பின்னால் டீச்சர் இதைச் சொல்லும்போது அந்த ஊழியரைத் திட்டியதே இல்லை. "அவரு வேல அது இல்லன்னு சொல்றது. அதைச் செஞ்சாரு. அப்ப என்னன்னு சொல்ற வேல யாரோடதுன்னு நாங்க ஒருத்தரும் யோசிக்கல சார். பாயசம் வெச்சோம்" என்பார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கையில் இருக்கிற எதையாவது மேசையில் அடிப்பார். எங்கள் பள்ளிக்கூடத்து டஸ்டர் ஒன்று அப்படித்தான் உடைந்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திட்டு தடித்தது. சந்தையில் கால் ஆணி எடுக்கிற ஆள் ஒருவன் அதை ஆணி என்று சொல்லிப் பிளேடால் சீவிவிட்டான். சீவிய இடம் ஆறவே இல்லை. ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தான் செய்யும் என்று ஆமணக்கு இலையை வாட்டி வைத்துக் கட்டினார்கள். அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்த பிறகுதான் டீச்சர் சத்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனார். டாக்டர் திட்டைப் பார்த்தார். நெறியைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நாலைந்து வருஷம் என்று டீச்சர் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். தோலில் வருகிற புற்று, பெயர் மெலனோமா, நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோதான் வரும், புள்ளியாக இருந்தபோதே வந்திருந்தால் கொஞ்சம் சதையோடு, மிஞ்சினால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று சொன்னார். அடுத்த அறுவடையை சவரிமுத்து பார்க்கவில்லை.

சாவு வீட்டில் டீச்சர் ஒப்பாரி வைக்கவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "எல்லாரும் நீட்டுன காலை நீட்டியிருந்தா என்னய்யா உனக்கு?" என்று கேட்டார். உரக்கவே கேட்டார். புருஷன் செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். புத்தி தெளிந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது என்று நான் சொல்லுவேன்.

அதன் பிறகு வந்தவர்தான் நான் சொல்லுகிற அற்புதம் டீச்சர். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் பிள்ளைகளின் நகம், பல், தலை பார்ப்போம். அவர் அதோடு உள்ளங்காலையும் சேர்த்தார். பிள்ளைகளோடு விடவில்லை. வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பழைய மச்சம் அல்லாமல் புதிதாக ஏதாவது கறுப்பு இருக்கிறதா, பெரிதாகிறதா, ஓரம் கலைந்திருக்கிறதா, நகத்தில் கறுப்புக் கோடு ஓடுகிறதா. மறுவாரமே பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரண்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் குஷ்டம் தேட இந்த அம்மா யார் என்று கேட்டார்கள். ஹெட்மாஸ்டர் டீச்சரைக் கூப்பிட்டு, பாடத்திட்டத்தில் இல்லாததைச் செய்ய வேண்டாம் என்றார். டீச்சர் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் செய்தார். என்னையும் விடவில்லை. "அஞ்சு வேளையும் காலைக் கழுவிட்டுத் தொழுவறீங்க. ஒரு வேளையாச்சும் அடியில பாத்தீங்களா சார்?" என்றார். நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் பார்த்தேன்.

இப்போது அந்த ஓலை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் அதை மறந்துவிட்ட மாதிரி நடிக்கிறீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. செலினுக்கு அரூர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயதார்த்தம் வைத்தார்கள். பந்தியில் டீச்சர் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார். லூர்துசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதம் பக்கவாட்டில் மேலே திரும்பியிருந்தது. பெருவிரலுக்கு அடியில் மை தெறித்ததுபோல ஒரு புள்ளி. டீச்சர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். சாம்பார் கேட்ட சம்பந்தி வீட்டுக்காரர் மூன்று முறை இலையைக் காட்டினாராம்.

அன்று ராத்திரியே கொழுந்தனாரிடம் பேசினார். "பொண்ணு கல்யாணம் ஆவட்டும் அண்ணி. காலு எங்க ஓடிப்போவுது?" என்று லூர்துசாமி சிரித்தார். பிலோமினா சிரிக்கவில்லை. "உங்க புருசனுக்கு வந்ததை எம் புருசனுக்கு எதுக்குக் கொண்டாறீங்க அக்கா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி, கால், திட்டு என்று எந்தப் பேச்சு வெளியே போனாலும் சம்பந்தம் முறிந்துவிடும். கல்யாணம் முடிந்தால் மறுவீடு, அது முடிந்தால் கடலை பிடுங்கல், அது முடிந்தால் தலைப்பிரசவம் என்று அந்த வீட்டுக் கணக்கு டீச்சருக்கு அத்துபடி. தனியாகப் பஸ் ஏறிப் பெங்களூர் போய் அதே டாக்டரைப் பார்த்தார். நானே பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வந்து பங்குச் சாமியாரிடம் போனார். சவரிமுத்துவின் இடது காலைக் கழுவிய அதே சாமியார். கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் அம்மா, ஜெபம் பண்ணுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

கத்தோலிக்கர் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் படிப்பார். அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். தெரிந்தாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. கடைசி ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சிலரும் பூசைக்கு வந்திருந்தார்கள். சாமியார் வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து டீச்சர் எழுந்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "தடை இருக்குதுங்க சாமி" என்றார்.

கோயிலில் ஒரு பெண் எழுந்து நின்று பேசியதை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சாமியார் அவரை உட்காரச் சொன்னார். டீச்சர் உட்காரவில்லை. "பொண்ணோட அப்பா காலை டாக்டர் பாக்கோணும். பாத்துட்டுக் கல்யாணம் வெச்சுக்கங்க. எங்க வூட்டுக்காரரு காலை நீங்கதான் வருசா வருசம் கழுவுனீங்க. இன்னொரு காலை எங்கன்னு கேட்டிருந்தா அவரு இன்னிக்கி அந்தப் பக்கம் உக்காந்திருப்பாரு" என்று ஆண்கள் பக்கம் கையைக் காட்டினார். பிறகு உட்கார்ந்தார். பூசை தொடர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செலின் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் அன்று மதியமே எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் வந்து என்னிடம் அப்படியே சொன்னார். ஊர் முழுக்க வேறு பேச்சு இல்லை.

சாயங்காலம் நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் லூர்துசாமி வந்தார். அவரும் இருக்கிற வீடுதான், ஆனாலும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, அரூர்க்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டதாகக் கத்தினார். "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டீங்களே அண்ணி. குஷ்டக்காரன்னு என்னை ஊரே பேசுது" என்று தலையில் அடித்துக்கொண்டார். தெருவே கூடி நின்றது. நான் அவரைச் சமாதானப்படுத்த எழுந்தேன். டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

"குஷ்டம் இல்லன்னு டாக்டர் கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. பெங்களூருல குடுப்பாங்க. வாங்கியாந்து எம் மூஞ்சில வீசி எறி. அப்புறம் ஊரு எனக்குச் செருப்பு மாலை போடட்டும்" என்றார்.

லூர்துசாமி மறுநாளே பஸ் ஏறினார். அண்ணியைப் பொய்க்காரி ஆக்குவதற்காகவே போனார் என்பதை நானே அவர் வாயால் கேட்டிருக்கிறேன். அந்தச் சீட்டு அவருக்குக் கிடைத்தது. கூடவே, திட்டிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டு, சவரிமுத்துவுக்கு வந்த அதே நோய் என்றும் சொன்னார்கள். ஆழமாகப் போகவில்லை, நெறியும் கட்டவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். பெருவிரலையும் அதைச் சுற்றிய சதையையும் எடுத்தார்கள். அவர் கொஞ்ச நாள் ஊன்றுகோலோடு நடந்து, பிறகு கோலை வைத்துவிட்டு, இப்போது ஏர் பிடிக்கிறார். டாக்டரை வாய் நிறைய வாழ்த்துவார். மாதாவுக்கு வருஷம் தவறாமல் மெழுகுவர்த்தி கொண்டுபோய் வைப்பார். டீச்சரோடு மட்டும் பேசவில்லை. ஒரே வீட்டில் நடுவில் சுவர் வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்துச் செலினுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்டது. இந்தப் பக்கம் டீச்சருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அன்று அவர் லீவு போடாமல் பள்ளிக்கூடம் வந்தார். "எங் கைலதான் தலை வாரிக்குவா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு, மூன்றாம் வகுப்பு ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, வாத்தியார் தூங்குகிறாரா என்று என்னை விரட்டினார்.

ஊர் அவரை என்னவெல்லாம் சொன்னது என்பதை இங்கே எழுத எனக்கு வாய் கூசுகிறது. தாலி அறுத்தவள் அடுத்தவள் தாலியைத் தடுத்தாள் என்றார்கள். அந்தத் தாலிக்குச் சொந்தக்காரியின் அப்பா உயிரோடு நடமாடுவதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் பிறகு அவர் சொல்லி இரண்டொருவர் ரகசியமாக வந்து காலைக் காட்டினார்கள். ஒருத்திக்கு வெறும் மச்சம். ஒருவருக்கு முள் உள்ளேயே தங்கிக் கறுத்திருந்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர்கள் டீச்சரைத்தான் திட்டினார்கள், வீணாகப் பயமுறுத்திவிட்டாராம். "ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லி நீ என்னைத் திட்டறே. அது போதும்" என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

கல்லறையில் மண் தள்ளி முடித்த பிறகு லூர்துசாமி என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "அண்ணி இல்லன்னா நான் இல்லீங்க சார்" என்றார். இத்தனை வருஷமும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரிடம் சொல்ல வேண்டியதை, அவரைப் புதைத்த பிறகு என்னிடம் எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அந்த நோட்டீசு அடித்ததே அவர்தான். பிரஸ்காரர் எல்லோருக்கும் போடுகிற வார்த்தைகளை அவர் சரி என்று சொல்லியிருக்கிறார். டீச்சரை அறிந்தவர்களே, நீங்கள் அவர்மேல் வைத்த பழியை ஒரு நோட்டீசில் புகழாக மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகாதீர்கள். அவர் பொறுமையாக இருந்தது சவரிமுத்து உயிரோடு இருந்தவரைதான். அந்தப் பொறுமைக்கு அவர் கொடுத்தது போதும்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். என் தந்தையை நாங்கள் அத்தா என்போம். கடத்தூரில் புளி மண்டி வைத்து ஓய்ந்த மனிதர். எழுபது தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோர் காலையும் நான் பார்த்திருக்கிறேன், அவர் காலைத் தவிர. கேட்கும் தைரியம் வந்ததில்லை. அந்த நோட்டீசைப் படித்த அன்று போய்க் கேட்டேன். பெற்றவன் காலைப் பிள்ளை பிடித்துத் திருப்புவதா என்று இழுத்துக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அவரை எதிர்த்துச் சத்தம் போட்டேன். அம்மா அழுதாள், தம்பி என் சட்டையைப் பிடித்தான். நான் விடவில்லை. குதிகாலில் ஒரு கறுப்பு இருக்கிறது. எவ்வளவு நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் பெங்களூர் போகிறோம். அன்றிலிருந்து அத்தா என்னோடு பேசவில்லை, நான் ஊற்றிக் கொடுக்கிற டீயைத் தொடுவதில்லை. பேசாமலே இருக்கட்டும். என்மேல் கோபித்துக்கொண்டு நெடுநாள் இருக்கட்டும்.